வண்டிக்குத்தான் தூக்கம்

நள்ளிரவு தாண்டி ஒன்றரை மணி இருக்கும். ஏரிக்கரைச் சாலை. ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் ஆளுயரப் புல். விளக்குக் கம்பங்கள் வரிசையாக நிற்கும்... எரிகிற விளக்குத்தான் ஒன்றும் கிடையாது. அந்தச் சாலையில் ஒரு சின்னக் கார் தனியாக வந்துகொண்டிருந்தது.

டேய், போர்வையை அதற்குள் தலைக்கு மேலே இழுக்காதே. இன்னும் ஆரம்பிக்கவே இல்லை.

காருக்குள் இருந்தது என் நண்பனுடைய சித்தி. ஆஸ்பத்திரியில் நர்ஸ். நண்பனுக்குச் சித்தி என்றால் எனக்கும் சித்திதான். அவர் கையால் எத்தனையோ வேளை சாப்பிட்டிருக்கிறேன். இல்லாததை இருக்கிறது என்று சொல்லத் தெரியாத மனுஷி. நோயாளிக்கு ஊசி போடும்போதுகூட 'வலிக்காது' என்று சொல்ல மாட்டார், 'வலிக்கும், பொறுத்துக்கோ' என்பார். அப்படிப்பட்டவர் சொன்னது இது.

ஏரி முடிகிற இடத்தில் சாலை சட்டென்று இடது பக்கம் வளைகிறது. சித்தி ஸ்டியரிங்கைத் திருப்பினார். திரும்பவில்லை. இறுகிப் போய்விட்டது என்றும் சொல்ல முடியாது... யாரோ அதன்மேல் கையை வைத்துக்கொண்டு விடமாட்டேன் என்பது போல. கார் நேராகத் தண்ணீரைப் பார்த்துப் போகிறது. பிரேக்கை மிதித்தார். சரளைக்கல் கரகரவென்று இழுபட்டு வண்டி நின்றது. எஞ்சினும் நின்றது. தவளைச் சத்தம் மட்டும்.

அப்போதுதான் அந்த வாடை. பெட்ரோல் இல்லை, ரப்பர் இல்லை. ஜன்னல் திறக்காத அறையில் ஒரு ஆள் ராத்திரி முழுக்கத் தூங்கினால், விடியற்காலையில் கதவைத் திறந்ததும் முகத்தில் அடிக்குமே... அந்த வாடை. சித்தி ஸ்டியரிங்கை மறுபடி தொட்டுப் பார்த்தார். சுலபமாகத் திரும்பியது.

வீட்டுக்கு வந்து சித்தப்பாவை எழுப்பினார். சித்தப்பா யார் என்றால், கார் மெக்கானிக். அதிலும் ஸ்டியரிங், சக்கரம், அலைன்மென்ட் இதெல்லாம்தான் அவர் வேலை. கோணலாக ஓடும் வண்டியை நேராக்குவதால் பட்டறையில் அவருக்குப் பெயரே 'கோணல்'. ஊர் வண்டியெல்லாம் அவர் கையில் நேராகும். சொந்த வண்டியை நிமிர்ந்து பார்க்க நேரமிருக்காது. வைத்தியர் வீட்டில்தானே நோய் அதிகம்.

"ஏங்க, ஸ்டியரிங் பிடிக்குதுங்க."

"காலையில பாக்கறேன். படு."

காலையில் பார்த்தார். பேட்டரி சரி. ஃப்யூஸ் சரி. டயரில் காற்று சரி. ஜாக்கி போட்டு முன்பக்கத்தைத் தூக்கி, இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஸ்டியரிங்கைச் சுற்றிப் பார்த்தார். வெண்ணெயில் கத்தி போகிற மாதிரி போனது. ஒரு சுற்று ஓட்டியும் பார்த்தார். ஏரி வளைவில் பகல் வெளிச்சத்தில் கார் பூனைக்குட்டி மாதிரி சொன்னபடி கேட்டது.

அந்த வீட்டு நிலைமையை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். சித்தப்பாவுக்குப் பகல் வேலை, சித்திக்கு மாலையில் தொடங்கி நடுராத்திரி தாண்டும் வேலை. ஒருவர் படுத்த இடத்தின் சூடு ஆறுவதற்குள் இன்னொருவர் படுப்பார். கதவருகில் பார்த்துக்கொள்வார்கள். 'சாப்பிட்டியா', 'சாப்பிட்டேன்', அவ்வளவுதான் குடும்பம். இரண்டு பேரும் கல்யாணத்துக்கு முன்பு தூங்கியதோடு சரி என்று நண்பன் கிண்டல் செய்வான். கிண்டல் இல்லை, உண்மை.

கார் வாங்கியதே சித்திக்காகத்தான். அவர் வேலை முடிகிற நேரத்துக்குப் பஸ் கிடையாது. கார் வருவதற்கு முன்னால் ஆஸ்பத்திரி வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தபடியே விடியும்வரை காத்திருப்பார். இடுப்பு போய்விட்டது, வேலையை விட்டுவிடலாம் என்றுகூட நினைத்தார். அப்போது தரகர் ஒருவர் மூலமாக வந்தது இந்தப் பழைய கார். யாருடையது, ஏன் விற்றார்கள் என்று சித்தப்பா கேட்கவில்லை. எஞ்சினைக் கேட்டார், அது நல்ல பதில் சொன்னது, வாங்கிவிட்டார்.

இரண்டாவது தடவையும் நடந்தது. அதே சாலை. சித்தி வந்து சொன்னார். சித்தப்பா மறுபடி எல்லாவற்றையும் பார்த்தார். ஒன்றும் இல்லை. ஒரு மெக்கானிக்குக்கு இதைவிட எரிச்சல் கிடையாது. கோளாறு இருந்தால் கண்டுபிடிக்கலாம், இல்லாத கோளாறை எங்கே போய்த் தேடுவது? களைப்பு வேறு. வாய் தவறிச் சொல்லிவிட்டார்.

"நீ தூங்கியிருப்ப."

சித்தி தட்டைக் கழுவிக்கொண்டிருந்தார். திரும்பவில்லை.

"நான் தூங்கலீங்க."

"கண்ணசந்தா தெரியாதும்மா. எத்தனை பேர் வந்து சொல்றாங்க பட்டறையில... ஸ்டியரிங் பிடிச்சுது, பிரேக் பிடிக்கலன்னு. பார்த்தா எல்லாம் தூக்கம்."

"எனக்குத் தூக்கம் வரல." தட்டைக் கவிழ்த்து வைத்தார். "வண்டிக்குத்தான் தூக்கம் வருது."

அதற்குப் பிறகு சித்தி அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. கதவருகில் 'சாப்பிட்டியா' மட்டும் நடந்தது, அதுவும் அரைகுறையாக. சொல்லி என்ன பிரயோஜனம் என்று நினைத்திருப்பார். பாவம், யாராவது ஒருத்தர் நம்பினால் போதும் என்றுதானே சொல்கிறோம். அந்த ஒருத்தரும் நம்பாவிட்டால் வாயைத் திறந்து என்ன?

ஒரு நாள் காலை. சித்தி உள்ளே அசந்து தூங்கிக்கொண்டிருந்தார். சித்தப்பா பட்டறைக்குக் கிளம்பினார். கொட்டகையில் நின்ற காரை எதேச்சையாகப் பார்த்தார். முன் பம்பரில் சேறு. காய்ந்த சேறு இல்லை, ஈரச் சேறு. பம்பர் இடுக்கில் ஏரிப்புல் ஒரு கொத்து, வேரோடு சிக்கிக் கிடந்தது. குனிந்து சக்கரத்தைப் பார்த்தார். இரண்டு முன்சக்கரங்களும் பாதிவரை நனைந்திருந்தன.

சித்தி இதைச் சொல்லவே இல்லை. தண்ணீருக்குள் சக்கரம் இறங்கி, எப்படியோ பின்னால் எடுத்து, வீட்டுக்கு வந்து, புருஷனை எழுப்பாமல் படுத்திருக்கிறார். சித்தப்பா அந்தப் புல்லை உருவிக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் அப்படியே நின்றார்.

அன்றைக்குச் சித்திக்கு இரட்டை வேலை. யாரோ வரவில்லை, மாலையிலிருந்து மறுநாள் காலைவரை இருக்க வேண்டும். "கார் வேண்டாம், கூட வேலை செய்யறவங்களோட போயிடு. நான் பாத்து வைக்கிறேன்," என்றார் சித்தப்பா. சித்தி சாவியை ஆணியில் மாட்டிவிட்டுப் போனார்.

ராத்திரி சாப்பிட்டு முடித்துவிட்டுச் சித்தப்பா முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி நிறுத்தி, காருக்கு அடியில் போய்ப் படுத்தார். வீட்டை ஒட்டிய தகரக் கொட்டகை. அங்கிருந்து சமையலறைக்கு ஒரு கதவு. வெளிச்சத்துக்கும் தேநீருக்கும் அதைத் திறந்தே வைத்திருந்தார். இந்தத் தடவை தொட்டுப் பார்ப்பதெல்லாம் கிடையாது, பிரித்தே பார்த்துவிடுவது என்று முடிவு. ஸ்டியரிங்கிலிருந்து ஒரு இரும்புத் தண்டு கீழே இறங்கி வரும். அது சக்கரங்களைத் திருப்பும் பாகத்தோடு சேருகிற இடத்தில் ஒரு ஜாயின்ட், ஒரு போல்ட். அதைக் கழற்றினால் மேல்பாதி வேறு, கீழ்பாதி வேறு. கோளாறு மேலேயா கீழேயா என்று அப்போது தெரிந்துவிடும்.

கழற்றுவதற்கு முன்னால் மெக்கானிக்குகள் ஒரு காரியம் செய்வார்கள். மேலே ஸ்டியரிங் வளையம் தன்னிஷ்டத்துக்குச் சுற்றிவிடக் கூடாது. சுற்றினால் ஹாரனுக்குப் போகிற ஒயர் உள்ளுக்குள் அறுந்துவிடும். அதனால் ஓட்டுகிறவர் போடும் சீட் பெல்ட்டை இழுத்து, வளையத்துக்குள் விட்டு எடுத்து, கொக்கியில் மாட்டிவிடுவார்கள். வளையம் அசையாது. சித்தப்பாவும் அப்படியே மாட்டினார். 'டக்' என்று மாட்டிய சத்தம் அவர் காதாலேயே கேட்டது.

போல்ட் கழன்றது. ஜாயின்ட் பிரிந்தது. கீழ்பாதியை ஒரு விரலால் சுற்றினார். சக்கரங்கள் இரண்டும் சமர்த்தாகத் திரும்பின. அப்படியானால் கோளாறு மேலே. மேல்பாதித் தண்டைக் கையால் பிடித்துத் திருப்பினார்.

வரவில்லை.

சித்தப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நானே கட்டிவிட்டு நானே இழுக்கிறேன் பார்... தூக்கம் கெட்டால் புத்தியும் கெடும். எழுந்து போய் பெல்ட்டை அவிழ்க்க வேண்டும். ஆனால் எழுந்திருக்க உடம்பு வேண்டுமே. மண்ணெண்ணெயும் கிரீஸும் மணக்கும் அந்தத் தரையே பஞ்சு மெத்தை மாதிரி இருந்தது. பசி ருசி அறியாது, நித்திரை சுகம் அறியாது என்று சும்மாவா சொன்னார்கள். தண்டைப் பிடித்தபடியே ஒரு நிமிஷம் கண்ணை மூடினார்.

கையில் இருந்த தண்டு... மெல்ல இளகியது.

கண்ணைத் திறக்கவில்லை. கைதான் முழித்துக்கொண்டது. இருபது முப்பது வருஷமாக ஸ்டியரிங் பிடித்த கை அது. இரும்பு துருப்பிடித்துப் பிடித்தால் எப்படி இருக்கும் என்று அதற்குத் தெரியும். ஒரே மாதிரி பிடிக்கும், விடாது. பெல்ட் பிடித்தால் தெரியும். கொஞ்சம் இழுபட்டு, பழைய இடத்துக்கே வரும். இது இரண்டும் இல்லை. கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்தது... தளர்ந்தது... இன்னும் தளர்ந்தது... சட்டென்று ஒரு வெட்டு வெட்டி, இறுகப் பிடித்துக்கொண்டது.

மறுபடி தளர்ந்தது. மறுபடி ஒரு வெட்டு.

பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து தூங்கி விழுகிறவரைப் பார்த்திருக்கிறீர்களா? தலை தொங்கிக்கொண்டே போகும். விழப்போகும் நேரத்தில் திடுக்கிட்டு முன்சீட்டுக் கம்பியைப் பிடிப்பார். அந்தப் பிடி. சித்தப்பா சத்தியம் செய்து சொன்னார்... மேலே யாரோ ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு தூங்குகிறார்.

தண்டிலிருந்து ஒவ்வொரு விரலாகக் கையை எடுத்தார். முதுகாலேயே தேய்த்துத் தேய்த்து வெளியே வந்தார். கொட்டகையில் அந்த வாடை கனமாக நின்றது. மூடிய அறை வாடை. சித்தி இதைச் சொன்னபோது, சீட் துணியில் பூஞ்சை பிடித்திருக்கும் என்று சொல்லியிருந்தார் மனுஷன்.

எழுந்து நின்று ஓட்டுநர் பக்க ஜன்னலைப் பார்த்தார்.

பெல்ட் ஸ்டியரிங்கில் இல்லை. சீட்டில் இருந்தது. தோளிலிருந்து இடுப்புவரை, முறையாகப் போட்டு, கொக்கியில் மாட்டி... காலி சீட்டின்மேல். சீட்டோடு ஒட்டிக் கிடக்கவும் இல்லை. ஒரு நெஞ்சு இருந்தால் எவ்வளவு தள்ளி நிற்குமோ அவ்வளவு தள்ளி, விறைப்பாக நின்றது. அந்தப் பெல்ட் மெதுவாக முன்னால் வந்தது. மெதுவாகப் பின்னால் போனது. மெதுவாக முன்னால் வந்தது. ஜன்னல் கண்ணாடியின் உள்பக்கம் உள்ளங்கை அகலத்துக்கு ஆவி படிந்திருந்தது. பெல்ட் பின்னால் போகும்போதெல்லாம் அது கொஞ்சம் பெரிதானது.

நாமாக இருந்தால் ஓடியிருப்போம். சித்தப்பா ஓடவில்லை. தைரியம் என்று நினைக்காதீர்கள், ஓடுவதற்கும் தெம்பு வேண்டுமே. அந்த நேரத்தில் அவருக்கு முதலில் வந்தது பயம்கூட இல்லை, வெட்கம். என் பெண்டாட்டி ராத்திரி ராத்திரி இதன் மடியில் உட்கார்ந்து வண்டி ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறாள்... நான் அவளைத் தூங்கினாய் என்றேன். பிறகுதான் பயம் வந்தது. நாளை இரவும் அவள் இதில்தான் வர வேண்டும். போல்ட்டையும் ஜாயின்டையும் மாற்றினால் போகிற கோளாறா இது?

அவர் என்ன செய்தார் தெரியுமா? யோசித்துச் செய்யவில்லை. சித்தி சில நாள் வீடுவரை ஓட்டி வந்து, எஞ்சினை நிறுத்திவிட்டு, இறங்கக்கூட முடியாமல் சீட்டிலேயே தூங்கிப் போவார். சித்தப்பா வந்து கண்ணாடியில் தட்டி எழுப்பி உள்ளே கூட்டிப் போவார். அந்தக் கை, அந்தப் பழக்கத்தில், போய்க் கண்ணாடியைத் தட்டியது. டொக், டொக்.

"எழுந்திருங்க..." குரல் அவருக்கே கேட்கவில்லை. "வீடு வந்துடுச்சு. இறங்குங்க."

பெல்ட் அசைவது நின்றது.

சித்தப்பா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். பார்க்க அவருக்கு வேண்டாம். பின்னால் கொக்கி 'டக்' என்று விடுபட்டது. பெல்ட் சரசரவென்று சுருண்டு உள்ளே போனது. கதவு திறந்தது. ஒரு பெருமூச்சு... ரொம்ப நாள் அலைந்து திரிந்துவிட்டு வந்து உட்காருகிறவர்கள் விடுவார்களே, அப்படி. அவ்வளவுதான். காலடிச் சத்தம் எதுவும் இல்லை.

அவர் திரும்பியபோது கார்க் கதவு அகலத் திறந்து கிடந்தது. உள் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. வாடை இல்லை. குனிந்து தண்டைத் தொட்டார். விரல் பட்டதும் சுற்றியது.

விடிவதற்குள் எல்லாவற்றையும் பூட்டினார். போல்ட்டை முறுக்கி, மறுபடி முறுக்கி, சக்கரத்தை நேராக வைத்து, ஸ்டியரிங்கை நடுவில் நிறுத்தினார். தண்ணீர் குடிக்கலாம் என்று போனால் சமையலறைக் கதவு சாத்தியிருந்தது. திறந்துதானே வைத்தோம்... காற்றாக இருக்கும். உள்ளே போகவும் அலுப்பாக இருந்தது. வாசல் குழாயிலேயே கையையும் முகத்தையும் கழுவிக்கொண்டு, காரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

ஏரி வளைவு வந்தது. ஸ்டியரிங்கைத் தொட்டார், அவ்வளவுதான், கார் வளைந்து போனது. சித்தப்பாவுக்கு அழுகை வந்துவிட்டது. வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் அழுதார். பிறகு ஆஸ்பத்திரி வாசலில் காரை விட்டு, சாவியைக் காவலாளியிடம் கொடுத்துவிட்டு, பஸ் ஏறிப் பட்டறைக்குப் போனார்.

வெயில் ஏறிய பிறகு, கையில் தேநீரோடு வீட்டுக்குப் போன் போட்டார். ரொம்ப நேரம் அடித்தது. சித்தி எடுத்தார். தூக்கக் குரல், கிசுகிசுவென்று.

"ம்ம்..."

"வண்டி எப்படி இருந்துது?"

"பஞ்சு மாதிரி போச்சு... என்ன பண்ணினீங்க?"

"அதை விடு. நீ சொன்னதுதான் சரி. நீ தூங்கல. நான் நம்பியிருக்கணும்... தப்பு என்மேலதான்."

அந்தப் பக்கம் 'ம்ம்' என்று மட்டும் வந்தது. அழுகிறாளோ என்று நினைத்தார்.

"ஏன் இப்படி மெதுவா பேசற? தொண்டை சரியில்லையா?"

"இல்லீங்க... ராத்திரியெல்லாம் வேலை பாத்துட்டு அசந்து தூங்கறீங்களேன்னுதான், உங்களை எழுப்ப வேணாம்னு..." சித்தியின் குரல் தேய்ந்து நின்றது. தூக்கம் கலைகிறது. கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டார். "ஏங்க... நீங்க எங்கேருந்து பேசறீங்க?"

"பட்டறையிலேருந்து."

சித்தி போனை வைக்கவில்லை. சித்தப்பா காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு கேட்டார். இரண்டு மூச்சு கேட்டது. ஒன்று சித்தியுடையது, திக்கித் திக்கி. இன்னொன்று போனுக்குப் பக்கத்திலேயே... நிதானமாக, ஆழமாக, தூங்குகிறவருடையது.

பிறகு அந்த இரண்டாவது மூச்சு பாதியில் நின்றது. கட்டில் கிரீச்சிட்டது. யாரோ புரண்டு, இந்தப் பக்கம் திரும்பிப் படுத்தார்கள்.